ஜம்ஷீத் என்னும் பெயர்

இரும்பு ஆலைகளால் பிரசித்தி பெற்ற ஜம்ஷெட்பூரின் பெயரைப் பூகோள பாடத்தில் படிக்காத தமிழ்ப் பிள்ளை அரிது. சுவர்ணரேகை நதியும் கர்காய் நதியும் கூடுமிடத்தில் சாக்சி என்ற பெயரோடு இருந்த சிற்றூரில், 1907-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டாட்டா எஃகுக் கம்பெனி தன் உலைகளை அமைத்து, 1912-ஆம் ஆண்டில் முதல் எஃகை வார்த்தெடுத்தது. முதல் உலக மகாயுத்தம் முடிந்த பின், 1919-ஆம் ஆண்டில், அக்காலத்து இராஜப்பிரதிநிதியான செம்ஸ்ஃபோர்டு பிரபு, அந்த ஆலையைத் தம் உள்ளத்தில் வரைந்து, அது எழும்பு முன்பே காலமாகிவிட்ட ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டாவின் ஞாபகார்த்தமாக, அவ்வூருக்கு ஜம்ஷெட்பூர் என்ற நாமத்தைச் சூட்டினார். அந்தப் பெயரில் ‘பூர்’ என்பது நம்முடைய ‘புரம்’. டாட்டாவின் பெயரில் உள்ள ‘ஜி’ என்பது குஜராத்தியர் மரியாதைக்காகச் சேர்க்கும் விகுதி. இவ்விரண்டையும் நீக்கினால் எஞ்சி நிற்பது ‘ஜம்ஷெட்’ என்னும் பாரசீகப் பெயர். பாரசீகர் நாவில் அது ‘ஜம்ஷீத்’ என்று ஒலிக்கும்.

ஈரானிலும், ஆப்கானிஸ்தானத்திலும், தாஜிகிஸ்தானத்திலும், பம்பாயிலும் கராச்சியிலும் வாழும் பார்சிகளின் இல்லங்களிலும், இன்றும் ஆண் குழந்தைகளுக்கு ஆசையோடு இடப்படும் இந்தப் பெயர், மூவாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத தொன்மை உடையது. அதன் முதல் அசையில் அடங்கியிருப்பவன், நம் நாட்டில் எருமைக் கடா வாகனனாய்ப் பாசக்கயிறு ஏந்தி வரும் யமனே என்று சொன்னால், கேட்பவர் முதலில் திகைக்கத்தான் செய்வர். நம்மிடையே எந்தத் தாயும் தன் மகனுக்கு இடத் துணியாத பெயரை, பாரசீகத் தாயொருத்தி தாலாட்டில் வைத்துப் பாடுகிறாள் என்றால், அந்தப் பெயருக்கு நேர்ந்த விசித்திரமான சரித்திரத்தை விசாரித்து அறிவது பயனுள்ள காரியமேயாகும்.

பாரசீகரின் பூர்வ வேதமாகிய அவெஸ்தாவின் பாஷையும், நம் ரிக் வேதத்தின் பாஷையும் ஒரே தாய் வயிற்றுச் சகோதரிகள். வேத பாஷையில் ‘ஸ’காரம் வருமிடங்கள் பலவற்றில் அவெஸ்தாவில் ‘ஹ’காரம் வரும், ஆகவேதான் நம்முடைய சோமம் அங்கே ‘ஹவோம’ என்றும், அசுர சப்தம் ‘அஹுர’ என்றும், ஸப்தம் என்ற ஏழு ‘ஹப்த’ என்றும், சிந்து ‘ஹிந்து’ என்றும் ஆயின. இதுபோன்ற இன்னொரு நியதி, அவெஸ்தா காலத்துக்குப் பின் பாரசீகம் வளர்ந்த காலத்தில் தோன்றியது. சொல்லின் முதலில் நின்ற யகரம், பிற்காலப் பாரசீகத்தில் ஜகரமாகத் திரிந்தது. வாற்கோதுமையைக் குறிக்கும் ‘யவ’ என்ற சொல் அங்கே ‘ஜவ்’ ஆயிற்று; இளைஞனைக் குறிக்கும் ‘யுவன்’ என்ற சொல்லுக்கு உடன்பிறந்தது பாரசீகத்தில் ‘ஜவான்’ ஆகி, போர்வீரனைக் குறிக்கும் பெயராய் இந்தியா முழுவதும் பரவி, இன்று நம் தமிழ்ப் பத்திரிகைகளிலும் வழங்குகிறது. அதே நியதிப்படி, அவெஸ்தாவில் ‘யிம’ என்றிருந்த பெயர் ‘ஜம்’ ஆயிற்று. யிம என்பவன் யார் என்றால், வேதத்தில் யம என்று வழங்கப்படுபவனே.

யம என்ற சொல்லுக்கு நாம் இன்று மரணம் என்றே அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தாலும், அதன் ஆதிப்பொருள் அதுவன்று. ‘இரட்டையரில் ஒருவன்’ என்பதே அது. தமிழ் யாப்பும் அணியும் கற்றவர்கள், ஒரே சொற்றொடர் இரட்டித்து வந்து வேறு வேறு பொருள் தரும் மடக்கணியை ‘யமகம்’ என்று வழங்குவர். கண்ணன் உரலோடு தவழ்ந்து சென்று முறித்த மருத மரங்கள் இரண்டையும் புராணம் ‘யமளார்ஜுனம்’ என்று கூறும். இரட்டை என்னும் பழம்பொருள் இவற்றில் இன்றளவும் அழியாமல் இருக்கிறது. வேதத்தில் யமனுக்கு யமி என்ற இரட்டைச் சகோதரி உண்டு. பாரசீகரின் பிற்கால பஹ்லவி நூல்களிலும் ஜம் என்பவனுக்கு ஜமக் என்ற உடன்பிறந்தவள் கூறப்படுகிறாள். ஆக, ஜம் என்றால் இரட்டையன்.

பெயரின் பிற்பகுதி ‘ஷீத்’. அவெஸ்தாவில் அது ‘க்ஷஏத’ என்று தனிச் சொல்லாக, யிமனுக்கு ஒரு விசேஷணமாக நின்றது. ஒளி பொருந்தியவன், தேஜஸ்வி என்பது அதற்கு மரபாகச் சொல்லப்படும் அர்த்தம். அரசாளுதல் என்ற பொருளுடைய தாதுவோடு அதைச் சேர்த்து உரை காணும் பண்டிதர்களும் உண்டு. சூரியனுக்கு அவெஸ்தாவில் ‘ஹ்வர க்ஷஏத’ என்று பெயர். நம் ‘ஸ்வர்’ என்னும் சொல்லே அங்கு ஹ்வர என்று நிற்கிறது. இதுவே திரிந்து பாரசீகத்தில் ‘குர்ஷீத்’ என்றாகி, ஞாயிற்றுக்கும் மனிதருக்கும் பெயராய் வழங்குகிறது. எனவே குர்ஷீத் என்பது ஒளிவீசும் கதிரவன். ஜம்ஷீத் என்பது ஒளிவீசும் யமன். இருளின் நிறத்தையே யமனுக்கு ஏற்றிப் பழகிய நமக்கு, இந்தச் சேர்க்கை புதிதாகத் தோன்றலாம். ஆனால் அவனும் சூரிய குமாரன் அல்லவா?

அவன் தந்தையின் பெயரையும் இரு நாட்டாரும் மறக்கவில்லை. வேதத்தில் யமன் விவஸ்வானுடைய புதல்வன். ஆதலால் வைவஸ்வதன் எனப்படுகிறான். அவெஸ்தாவில் யிமனின் தந்தை ‘விவங்ஹ்வந்த்’; ஸகரம் ஹகரமாகும் நியதியை மேலே கண்டோமாதலால், இருவரும் ஒருவரே என்பது வெளிப்படை. பார்சிகள் தங்கள் வேள்வியில் ஓதும் யஸ்ன கிரந்தத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், ஹவோம ரசத்தை மானிடரில் முதன்முதல் பிழிந்தவன் விவங்ஹ்வந்த் என்றும், அந்தப் புண்ணியத்தின் பலனாகவே அவனுக்கு யிமன் பிறந்தான் என்றும் சொல்லப்படுகிறது. பிறந்தவர்களுள் மகிமை மிக்கவன் அவன். மனிதருள் சூரியனைப் போன்ற பார்வையுடையவன். அவனுடைய ராஜ்யத்தில் குளிர் இல்லை, வெப்பம் இல்லை. மூப்பு இல்லை, மரணம் இல்லை. நீர் வற்றவில்லை, பயிர் வாடவில்லை, உணவு குறையவில்லை. தந்தையும் மகனும் சேர்ந்து நடந்தால் இருவருமே பதினைந்து வயதினராகத் தோன்றினார்கள் என்று அந்நூல் அக்காலத்தை வருணிக்கிறது.

வெந்திதாது என்ற மற்றொரு பகுதியில் யிமனுடைய வரலாறு இன்னும் விரிவாக உள்ளது. பரம்பொருளாகிய அஹுர மஸ்தா, தம் தர்மத்தை உலகுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பை முதலில் அவனுக்கே அளிக்க முன்வந்தபோது, தான் அதற்கென்று படைக்கப்பட்டவனும் அல்லன், கற்பிக்கப்பட்டவனும் அல்லன் என்று அவன் விலகிக்கொண்டான். உலகத்தை வளர்க்கவும் காக்கவும் மட்டும் இசைந்தான். மரணமற்ற ஜீவராசிகள் பெருகி, முந்நூறு மாரிகள் கழிந்ததும் பூமியில் இடம் போதாதாயிற்று. அப்போது அவன், இறைவன் அருளிய பொற்கருவிகளைக் கொண்டு, தென்திசை நோக்கி நின்று, பூமியைத் தொட்டு விரிந்து கொடுக்கும்படி வேண்ட, பூமி மூன்றில் ஒரு பங்கு விரிந்தது. அறுநூறாம் மாரியிலும் தொள்ளாயிரமாம் மாரியிலும் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது.

பிறகு ஒரு கொடிய பனிக்காலம் வரப்போகிறதென்று அஹுர மஸ்தா அவனை எச்சரித்தார். அவர் ஆணைப்படி ‘வரா’ என்னும் மதில் சூழ்ந்த ஓர் இடத்தை மண்ணைப் பிசைந்து அவன் அமைத்து, மாந்தரிலும் விலங்கிலும் பறவையிலும் மரத்திலும் உத்தமமானவற்றின் வித்துக்களை இணையிணையாக அதனுள் சேர்த்து வைத்தான். அங்கே ஓராண்டு ஒரு நாள்போல் கழியும்; நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு தம்பதிக்கும் ஆணும் பெண்ணுமாக இரட்டைக் குழந்தைகள் பிறக்கும். இதைப் படிக்கும்போது நமக்கு மனுவின் கதை ஞாபகம் வராமல் போகாது. பிரளயத்திலிருந்து சிருஷ்டியின் வித்துக்களைக் காத்த வைவஸ்வத மனு, யமனுக்குச் சகோதரன். பாகவத புராணம் அவனை முற்பிறவியில் சத்தியவிரதன் என்ற திராவிட அரசனாகக் கூறி, அவன் கையில் மீன் வந்து சேர்ந்த நதியைக் கிருதமாலை என்கிறது; மதுரையில் ஓடும் கிருதுமால் நதியே அது என்பது நம் நாட்டு ஐதிகம். நம்மவர் மனுவுக்குத் தந்த பெருமையைப் பாரசீகர் அவன் சகோதரனுக்கே தந்துவிட்டனர்; நமக்கு வெள்ளமாக வந்த பேராபத்து, அவர்களுடைய மலைநாட்டில் உறைபனியாக வந்தது.

இனி, வேதத்து யமனை நோக்குவோம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் அவன் பயங்கர மூர்த்தி அல்லன். மானிடருள் முதன்முதல் இறந்தவன் அவன். இறந்து, அதுவரை யாரும் அறியாத வழியைக் கண்டறிந்து, அவ்வுலகை அடைந்து, பின் வருவோர்க்கெல்லாம் அவ்வழியைத் திறந்துவைத்தவன். நம் முன்னோர் சென்ற வழி அது என்றும், அங்கே அவன் பித்ருக்களோடு மகிழ்ந்திருக்கிறான் என்றும் வேதம் பேசுகிறது. நான்கு கண்களையுடைய இரண்டு நாய்கள் அவ்வழியைக் காக்கின்றன. பாரசீகரின் வெந்திதாதும், பிணம் சென்ற வழியில் நாற்கண் நாயொன்றை நடத்திச் செல்ல வேண்டுமென்று விதிக்கிறது. கண்களுக்கு மேல் இரு புள்ளிகளையுடைய நாயை அவ்வாறு கொள்வது பார்சிகளின் வழக்கம். இரு கிளைகளாகப் பிரியுமுன் அந்த ஆதி சமூகத்தார் யமனைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை இந்தச் சிறு ஒற்றுமைகளே நமக்குக் காட்டுகின்றன. அவன் முதல் அரசன். அவனே முதலில் இறந்தவனும் ஆவான்.

ஒருவனைப் பற்றிய இந்த இரண்டு நினைவுகளில், ஈரானியர் முதலாவதைப் பற்றிக்கொண்டனர். நாம் இரண்டாவதைப் பற்றிக்கொண்டோம். அவர்களுக்கு அவன் சாவே இல்லாத பொற்காலத்தின் மன்னன் ஆனான். நமக்கோ சாவின் அதிபதி ஆனான். புராண காலத்தில் அவனுக்குத் தண்டமும் பாசமும் வந்து சேர்ந்தன. திருக்கடவூரில் மார்க்கண்டனுக்காகச் சிவபெருமான் திருவடியால் உதைபட்ட கூற்றுவனாகவும் அவன் ஆனான். எனினும் தர்மராஜன் என்னும் பட்டத்தை நம்மவர் அவனிடமிருந்து பறிக்கவில்லை. பாரபட்சமற்ற நீதிமான் என்னும் கீர்த்தி, பழைய ராஜ்யத்தின் மிச்சமாக அவனோடு நிலைத்துவிட்டது. இந்துகுஷ் மலைச் சாரலில் இன்று நூரிஸ்தான் எனப்படும் பிரதேசத்து மக்களோ, இஸ்லாத்தைத் தழுவும் வரையில் ‘இம்ரா’ என்னும் தெய்வத்தைச் சகல சிருஷ்டிக்கும் கர்த்தாவாக வழிபட்டு வந்தனர். அந்த இம்ரா, ‘யமராஜா’ என்பதன் திரிபே என்று பாஷா நூலார் கூறுவர்.

பாரசீகர் போற்றிய அந்தப் பொற்காலம் நிலைத்திருக்கவில்லை. யிமன் பொய்யான சொல்லில் மனத்தைச் செலுத்தினான் என்றும், செலுத்திய அக்கணமே ‘க்வரெனா’ என்னும் ராஜ தேஜஸ் பறவை வடிவெடுத்து அவனை விட்டுப் பறந்துபோயிற்று என்றும், அவெஸ்தாவின் ஜம்யாத் யஷ்து என்ற துதிப்பாட்டு கூறுகிறது. மூன்று முறை பறந்த அந்த மகிமையை மித்ர தேவனும், திரைதவோனன், கெரெசாஸ்பன் என்னும் வீரர் இருவரும் ஏற்றுக்கொண்டனர். அரசனுக்கு அரசுரிமை தருவது வாளும் படையும் அல்ல, தெய்விகமான ஒரு தேஜஸ். அது சத்தியத்தில் தங்கும், அசத்தியத்தில் அகலும் என்னும் கொள்கை, ஈரானிய ராஜதர்மத்தின் அஸ்திவாரம். அந்தக் கொள்கைக்கு முதல் உதாரணமாக அவர்கள் காட்டியது, தங்கள் மன்னருள் தலைசிறந்தவனையே என்பது சிந்திக்கத்தக்கது.

தூஸ் நகரத்துக் கவி ஃபிர்தௌசி 1010-ஆம் ஆண்டில் முடித்த ஷாநாமா என்னும் மகாகாவியத்தில், ஜம்ஷீத் எழுநூறு ஆண்டுகள் ஆண்ட சக்கரவர்த்தியாக வருகிறான். இரும்பை இளக்கிக் கவசமும் தலைக்காப்பும் செய்ய ஐம்பது ஆண்டு. பட்டும் சணலும் நூற்று நெய்யக் கற்பிக்க ஐம்பது ஆண்டு. மக்களைப் புரோகிதர், வீரர், உழவர், கைவினைஞர் என நான்கு வகுப்பாகப் பிரித்து அவரவர் தொழிலில் நிறுத்த ஐம்பது ஆண்டு என்று, மனித நாகரிகம் முழுவதையும் அவன் ஒருவனே படிப்படியாகக் கட்டி எழுப்புவதாகக் கவி பாடுகிறார். தேவுகள் எனப்படும் பூதங்களை ஏவி மண்ணைக் குழைத்துச் செங்கல் அறுக்கவும் மாளிகை எழுப்பவும் செய்தவன் அவன். பாறையிலிருந்து ரத்தினங்களை எடுத்தவனும், கஸ்தூரி கற்பூரம் முதலிய வாசனைப் பொருள்களைக் கண்டவனும், வைத்தியத்தைத் தோற்றுவித்தவனும், கடலில் கப்பல் விட்டவனும் அவனே.

இவையெல்லாம் நிறைவேறியபின், ரத்தினங்கள் இழைத்த சிங்காசனம் ஒன்றில் அவன் அமர, பூதங்கள் அதை வானத்தில் தூக்கி நிறுத்தின. நடுவானில் சூரியன்போல் அவன் பிரகாசித்தான். மக்கள் வியந்து அவன்மேல் மணிகளைச் சொரிந்து அந்நாளைப் புதுநாள் என்று கொண்டாடினர். ஃபர்வர்தின் மாதத்து முதல் நாளாகிய அதுவே ‘நவ்ரோஸ்’. பகலும் இரவும் சமமாகும் வசந்த விஷுவத்தில் வரும் அப்பண்டிகையை ஈரானியர் எந்த ஆட்சியிலும் கைவிட்டதில்லை; நம் நாட்டுப் பார்சிகள் மார்ச்சு மாதம் 21-ஆம் தேதி கொண்டாடும் திருநாளை இன்றைக்கும் ‘ஜம்ஷெடி நவ்ரோஸ்’ என்றே அழைக்கின்றனர். 2010-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை அந்நாளைச் சர்வதேச நவ்ரோஸ் தினமாக ஏற்றுக்கொண்டது.

முந்நூறு ஆண்டுகள் அவன் நாட்டில் யாரும் சாகவில்லை. அதன்பின் ஒரு நாள், சான்றோர் அனைவரையும் சபையில் கூட்டி, ‘உண்பதும் உறங்குவதும் உடுப்பதும் என்னால், நோயும் சாவும் நீங்கியது என்னால், என்னைப் படைத்தவன் என்று போற்றுங்கள்’ என்னும் கருத்துப்பட அவன் பேசினான். கேட்டவர் தலைகுனிந்தனர், மறுமொழி கூற எவரும் துணியவில்லை. தேஜஸ் அவனை நீங்கிற்று. குடிகள் ஒவ்வொருவராக விலகினர். இரு தோள்களிலும் பாம்புகள் முளைத்த ஜஹ்ஹாக் என்னும் கொடியவனைத் தாங்களே அழைத்து வந்து அரசனாக்கினர். நூறு ஆண்டுகள் தலைமறைவாய்த் திரிந்த ஜம்ஷீத், இறுதியில் சீனக் கடலோரத்தில் அகப்பட்டு, ரம்பத்தால் அறுக்கப்பட்டு இரு கூறாக மாண்டான். மகிமை பொய்யால் நீங்கியது என்று அவெஸ்தா சொன்னதை, அகந்தையால் நீங்கியது என்று ஃபிர்தௌசி சொன்னார். தன்னையே தெய்வமென்று கருதும் அகந்தையைவிடப் பெரிய பொய் வேறில்லையாதலால், இரண்டும் ஒன்றே.

ஜம்ஷீதைப் பற்றிய கற்பனைகள் இத்துடன் நிற்கவில்லை. ஏழு உலகங்களையும் தன்னுள் காட்டும் அற்புதக் கிண்ணம் ஒன்று அவனிடம் இருந்ததாகப் பாரசீகக் கவிகள் பாடினர். ஷாநாமாவில் அக்கிண்ணம் உண்மையில் கைகுஸ்ரௌ என்ற வேறொரு மன்னனுடையது; பாழ்கிணற்றில் அடைபட்டுக் கிடந்த பீஜன் என்ற வீரன் இருக்குமிடத்தை அவன் அதில்தான் பார்த்து அறிகிறான். கிண்ணத்துக்குப் பாரசீகத்தில் ‘ஜாம்’ என்று பெயராதலால், ஜாமும் ஜமும் கவிகளின் செவியில் இனிமையாகப் பொருந்தி, நாளடைவில் ‘ஜாமே ஜம்’ என்பதே வழக்காயிற்று. சூஃபி ஞானிகளோ, அக்கிண்ணம் மாசற்ற மனித இருதயமே என்று அதற்குத் தத்துவார்த்தம் கண்டனர். உமார் கய்யாமின் ருபாயத்தை 1859-ஆம் ஆண்டில் ஆங்கிலமாக்கிய ஃபிட்ஸ்ஜெரால்டு, ஜம்ஷீதின் பெயரை மேனாட்டாருக்கும் அறிமுகப்படுத்தினார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழில் தந்த உமார் கய்யாம் பாடல்களுக்கு மூலமாக அமைந்ததும் ஃபிட்ஸ்ஜெரால்டின் அந்த நூலே.

ஷீராஸ் நகரத்துக்கு வடகிழக்கே, மலையடிவாரத்தில், விண்ணை நோக்கி நிற்கும் கற்றூண்களோடு ஒரு பழைய அரண்மனையின் சிதைவுகள் உள்ளன. கி.மு. 518-ஆம் ஆண்டளவில் தாரியஸ் மன்னன் கட்டத் தொடங்கி, கி.மு. 330-இல் அலெக்ஸாந்தரின் படையால் எரியுண்ட பெர்ஸிபோலிஸ் அது. தாரியஸையும் அவன் வம்சத்தையும் உள்ளூர் ஜனங்கள் காலப்போக்கில் மறந்துவிட்டனர். கல்லில் பொறித்த ஆப்பெழுத்துக்களை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமற் போயினர். 1802-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆசிரியர் குரோட்டஃபெண்ட் அவ்வெழுத்தின் மர்மத்தை அவிழ்க்கத் தொடங்கும் வரையில், அந்தக் கற்கள் மௌனமாகவே இருந்தன. இத்தனை பெரிய தூண்களை எழுப்ப மனிதரால் ஆகாது, பூதங்களை ஏவல் கொண்ட ஜம்ஷீதாலேயே ஆகும் என்று நம்பிய மக்கள், அவ்விடத்துக்குத் ‘தக்தே ஜம்ஷீத்’, அதாவது ஜம்ஷீதின் சிங்காசனம் என்று பெயரிட்டனர். இன்றும் ஈரானியர் அதை அப்படித்தான் அழைக்கின்றனர்.

அந்தப் பெயரீட்டைச் சரித்திரப் பிழை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் 1933-ஆம் ஆண்டில் அவ்விடத்தை அகழ்ந்தபோது, தாரியஸின் காலத்துக் கணக்கர்கள் ஏலாம் பாஷையில் எழுதிவைத்த ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் கிடைத்தன. தானியமும் மதுவும் யார் யாருக்கு எவ்வளவு அளக்கப்பட்டன என்ற அன்றாடக் கணக்குகள் அவை. அவற்றில் காணும் எளிய மனிதர்களின் பெயர்களுள், ‘யமக்ஷேத’ என்று படிக்கத்தக்க பெயரும் ஒன்று. புராண புருஷன் அங்கே அரசாளவில்லை என்பது மெய். ஆனால் அவன் பெயரைத் தாங்கிய ஒருவன் அந்தக் கணக்கரின் ஏட்டில் இடம்பெற்று, தாரியஸின் ராஜ்யத்தில் ஜீவித்திருந்தான் என்பதும் மெய். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை இடும் வழக்கம் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இஸ்லாம் ஈரானில் பரவிய பின் பழைய மதத்தின் பெயர்கள் மறைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஜம்ஷீத் என்ற பெயரோ மறையவில்லை. பூதங்களை ஏவல் கொண்டமையால் ஜம்ஷீதையும் ஸுலைமான் நபியையும் ஒருவராகவே கருதியோரும் இருந்தனர். காஷான் நகரில் பிறந்து, சமர்க்கந்தில் உலூக் பேக்கின் வானாராய்ச்சி நிலையத்தில் பணி செய்து, 1429-ஆம் ஆண்டில் காலமான கணித மேதை கியாஸுத்தீன் ஜம்ஷீத், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைத் தசமத்தில் பதினாறு ஸ்தானம் வரை 1424-ஆம் ஆண்டிலேயே கணித்து வைத்தார். அதைக் கடந்து செல்ல ஐரோப்பியருக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நம் தக்ஷிணத்தில், கோல்கொண்டாவை 1543 முதல் 1550 வரை ஆண்ட குதுப்ஷாஹி மன்னனின் பெயர் ஜம்ஷீத். துருக்கியில் இப்பெயர் ‘ஜெம்’ என்று குறுகிற்று. கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றிய சுல்தான் முகம்மதின் இளைய குமாரன் ஜெம், அரியணைப் போரில் தோற்று அந்நிய நாட்டில் 1495-இல் மாண்ட துர்ப்பாக்கியசாலி. கவியுமான அவன், ஜம்ஷீதும் குர்ஷீதும் என்னும் பாரசீகக் காதற்காவியத்தைத் துருக்கியில் ஆக்கியவன். கீழ் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஜான்ஸிபாரின் கடைசிச் சுல்தானுக்கும் ஜம்ஷீத் என்பதே பெயர். 1964-ஆம் ஆண்டுப் புரட்சியில் அவர் அரசிழந்தார்.

பார்சிகளிடத்தில் இந்தப் பெயர் வேறொரு விதமாக மலர்ந்தது. தாய்நாட்டை இழந்து குஜராத்தில் அடைக்கலம் புகுந்து, உடையையும் பேச்சையும் புதிய நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட அவர்கள், நெருப்பையும் பெயர்களையும் மட்டும் விடாமல் காத்தனர். 1783-இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, கடல் வாணிபத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், அச்செல்வத்தைப் பம்பாயில் வைத்தியசாலையாகவும் சித்திரக் கலாசாலையாகவும் ஆக்கித் தந்தார். நவ்சாரியில் 1839-இல் பிறந்த ஜம்ஷெட்ஜி டாட்டா, எஃகு ஆலைக்கும், நீர்மின் நிலையத்துக்கும், பெங்களூரில் 1909-ஆம் ஆண்டு தோன்றிய விஞ்ஞானக் கழகத்துக்கும் திட்டம் வகுத்து, அவற்றில் ஒன்றும் முற்றுப் பெறுவதைக் காணாமலே 1904-இல் மறைந்தார். கராச்சியின் முதல் மேயரான ஜம்ஷெட் நசர்வான்ஜி மேத்தா, அந்நகரத்தைச் செம்மைப்படுத்தியதில் காட்டிய சிரத்தையால் நவீன கராச்சியின் தந்தை என்று போற்றப்பெற்றார். இரும்பை இளக்கவும், நோயைத் தீர்க்கவும், நகரத்தை எழுப்பவும் கற்பித்தவன் என்று ஃபிர்தௌசி பாடிய மன்னனின் பெயரைத் தாங்கியோர், அந்தக் காரியங்களையே நம் கண்ணெதிரில் செய்தது, அப்பெயருக்குக் கிடைத்த பாக்கியம்.

வீழ்ந்துபோன ஒரு மன்னனின் பெயரை, அவன் வீழ்ச்சியை நன்கறிந்த மக்களே, தலைமுறை தலைமுறையாகத் தங்கள் செல்வங்களுக்கு இட்டு வருவது ஏன் என்று கேட்டால், மனித சுபாவத்தின் மேன்மையான ஓர் அம்சமே அதற்கு விடை என்று நான் கருதுகிறேன். உலகம் தன் உபகாரிகளை அவர்கள் இறுதியில் செய்த பிழையைக் கொண்டு அளப்பதில்லை. அவர்கள் தந்தவற்றைக் கொண்டே அளக்கிறது. ஜம்ஷீதின் கடைசி நாட்களை ஈரான் மறைக்கவில்லை; குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறது. ஆனால் நெசவும் மருந்தும் கப்பலும் வசந்தத்தின் முதல் நாளும் அவனால் வந்தவை என்னும் நன்றியறிதல், அவன் கர்வத்தின் நினைவைவிட வலிமையுடையதாக இருந்தது. தன் மகனுக்கு ஜம்ஷீத் என்று பெயரிடும் தந்தை, ஆசீர்வாதம் ஒன்றையும் எச்சரிக்கை ஒன்றையும் சேர்த்தே தருகிறான்: ஒளியோடு வாழ், உலகத்துக்கு உபகாரியாக இரு, அந்த ஒளி உன்னுடையதன்று, உனக்கு அருளப்பட்டது என்பதை மறவாதே. இத்தனை பொருளையும் இரண்டே அசைகளில் ஏற்றி வைத்த ஒரு நாகரிகத்தை வணங்கத்தான் வேண்டும். அந்த அசைகளுள் ஒன்று நம் முன்னோருடைய நாவிலும் ஒலித்தது என்பதில் நாமும் பெருமை கொள்ளலாம்.